கிட்டாரில் கேப்போ போட்டால் ஜி கம்பி (மூன்றாம் கம்பி) சுருதி ஏறுகிறது

சோஷியல் டிஸ்டார்ஷன் பங்க் ராக் குழுவின் பாடகர்-கிட்டாரிஸ்ட் மைக் நெஸ் பாணி ட்யூனிங்: எல்லாக் கம்பியும் அரை ஸ்வரம் கீழே, 2ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒருசேர அழுத்தும் கவ்வி). கிட்டார் லெஸ் பால் வகை, பி-90 பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்), உயரமான ஜம்போ ஃப்ரெட். 10-46 கம்பி (மெல்லியதிலிருந்து தடித்தது வரை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) மாற்றிய போன வாரத்திலிருந்து பிரச்சினை.

கேப்போ இல்லாமல் சுருதி சுத்தம். போட்டதும் ஜி மட்டும் 15 செண்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்) ஏறுகிறது. திறந்த கார்டில்தான் காதைக் குத்துகிறது; 'ரிங் ஆஃப் ஃபயர்' மாதிரி கன்ட்ரி பாட்டில் மறைக்க வழியே இல்லை.

செய்து பார்த்தவை: கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டி வைத்தேன், திருகு வைத்த கேப்போவில் அழுத்தம் குறைத்தேன் (இன்னும் தளர்த்தினால் இரைகிறது), 14ஆம் ஃப்ரெட்டில் இன்டொனேஷன் (ஃப்ரெட்டில் அழுத்தும்போது சுருதி சரியாக வருகிறதா என்பது) சரிபார்த்தேன், சற்றுத் தடித்த 11-48 கம்பி போட்டேன். ஏற்றம் பாதியானது, போகவில்லை.

பழைய ராக்கபில்லிக்காரர்கள் மாதிரி ஜிக்கு மட்டும் சுற்றுக் கம்பி (மேலே உலோக இழை சுற்றியது) போட்டால், பெண்ட் (கம்பியை வளைத்துச் சுருதி ஏற்றுவது) கெடாமல் இது தீருமா?