ஞாயிறு டவுன்ஹில் (மலை மேல இருந்து சைக்கிள்ல இறங்குற போட்டி): பூப்பாறை குரூப், வியாழன் ராத்திரி

முத்து, 7:42
என் சைக்கிள்ல பின் பிரேக் லிவர் ஹேண்டில் வரைக்கும் வருது. பேட் மாத்தினா சரியாயிருமா?

பீட்டர் அண்ணன், 7:45
பேட்ல கை வைக்காத தம்பி. முதல்ல லிவரை நாலு தடவை வேகமா அமுக்கு. அமுக்க அமுக்க இறுகுதா?

முத்து, 7:48
ஆமாண்ணே, நாலாவதுல கெட்டியாகுது. ரெண்டு நிமிஷம் விட்டா மறுபடி பஞ்சு மாதிரி.

பீட்டர் அண்ணன், 7:53
அப்ப லைன்ல காத்து. பஞ்சர் பார்க்க வண்டியத் தலைகீழா வச்சிருப்ப, லிவர்ல நிக்கிற காத்து குழாய்க்குள்ள போயிரும்.
மத்தவங்களும் கேட்டுக்கங்க. லிவர் கெட்டியாத்தான் இருக்கு, ஆனா தூரமா வருதுன்னா பேட் தேஞ்சிருக்கு. பேட் தகட்டு மேல ஒட்டியிருக்குற பொருள் 1 மி.மீ.க்குக் கீழ இருந்தா மாத்தியே ஆகணும். லிவர் கெட்டி, கிட்டவே பிடிக்குது, ஆனா வண்டி நிக்கலன்னா பேட்ல எண்ணெய் பட்டிருக்கு, இல்ல சூட்டுல மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிருச்சு. மலை மேல நல்லா பிடிச்சு, அஞ்சாறு வளைவு தாண்டினதும் தொய்ஞ்சு, ஆறினதும் திரும்பி வந்தா அது சூடு. நாலுக்கும் வைத்தியம் வேற வேற.

முத்து, 7:56
அப்பா ஜீப்புக்கு ஊத்துற பிரேக் ஆயில் வீட்ல இருக்கு. அதையே ஊத்தி ப்ளீட் பண்ணி காத்தை வெளியேத்திக்கவா?

பீட்டர் அண்ணன், 7:57
வேணாம்! ஊத்திராத. ஜீப்புக்குள்ளது டாட் ஆயில், உன்னோடது ஷிமானோ கம்பெனி பிரேக். அதுக்கு மினரல் ஆயில் மட்டும்தான். மாத்தி ஊத்தினா உள்ள இருக்குற ரப்பர் ஊதிப் போயி, பேடைத் தள்ளுற பிஸ்டன் ஒட்டிக்கும், முழு பிரேக்கையும் தூக்கிப் போட வேண்டியதுதான். டாட் ஆயில் கேக்குற பிரேக்குல மினரல் ஊத்தினாலும் இதே கதிதான். எது வேணும்னு லிவர் மூடியிலயே அச்சடிச்சிருக்கும், படிச்சிட்டுத் திற.

ரஞ்சி, 8:04
முத்து, நாளைக்கு சாயங்காலம் எங்க வீட்டுக்கு வா, மினரல் ஆயிலும் அதை ஏத்துற சிரிஞ்சும் இருக்கு. வீலையும் பேடையும் கழட்டி தூரமா வச்சிரு, ஒரு சொட்டு பட்டாலும் பேட் போச்சு. பிஸ்டனுக்கு நடுவுல மஞ்சள் கலர் பிளாஸ்டிக் கட்டை வைக்கணும். லிவரைத் தரைக்கு மட்டமாத் திருப்பி மேல புனலை மாட்டி, வீல்கிட்ட பேடைப் பிடிச்சிருக்குற கேலிப்பர்ல இருந்து சிரிஞ்சால மெதுவா ஆயிலை மேல தள்ளணும். தள்ளும்போதே ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால குழாயைக் கீழ இருந்து மேல தட்டிக்கிட்டே வந்தா, ஒட்டியிருக்குற குமிழியெல்லாம் புனல்ல பொக்கு பொக்குன்னு வந்து உடையும். அது நிக்கிற வரைக்கும் விடக் கூடாது. அவசரப்பட்டு மூடுனா ஞாயித்துக்கிழமை மறுபடி இதே பஞ்சுதான்.

செல்வா, 8:10
புதுசா மெட்டல் பேட் வாங்கிருக்கேன். அப்படியே போட்டு ஓட்டலாமா?

பீட்டர் அண்ணன், 8:13
டிஸ்க்குல என்ன எழுதியிருக்குன்னு பாரு. ‘ரெசின் பேட் ஒன்லி’ன்னு இருந்தா மெட்டல் போடாத, டிஸ்க்கை அரிச்சிரும். போடலாம்னா, முதல்ல நம்ம ரோட்டு இறக்கத்துல மிதமான வேகத்துல ஒரு 20 தடவை பிடிச்சு விடு, அப்புறம் கொஞ்சம் வேகமா 10 தடவை. ஒரு தடவை கூட முழுசா நிறுத்திராத. நிறுத்தினா அந்த இடத்துல மட்டும் பேட் படிஞ்சு, அப்புறம் அதிர அதிர ஓடும். ஈர மண்ணுக்கும் நீள இறக்கத்துக்கும் மெட்டல்தான் நிக்கும், கொஞ்சம் கத்தும், அதைப் பெருசா எடுத்துக்காத.

செல்வா, 8:15
டயர்ல காத்து எவ்வளவுண்ணே? 2.4 இன்ச் டியூப்லெஸ் டயர், நான் 70 கிலோ.

ரஞ்சி, 8:19
முன்னால 23, பின்னால 26 பி.எஸ்.ஐ.யில ஆரம்பி. பின்பக்க ரிம் பாறைல டங்குன்னு தட்டுற சத்தம் கேட்டா 2 ஏத்து. பின்னால ஷாக் இல்லாத வண்டின்னா 28 வை. ரெண்டு பம்பு ஒரே மாதிரி காட்டாது, அதனால எப்பவும் ஒரே பம்புல பாரு. 29 இன்ச் வீலுக்கு, ஓட்டை அடைக்குற சீலன்ட் 110 மில்லி, பாட்டிலை நல்லா குலுக்கிட்டு ஊத்து. ஊத்தி மூணு நாலு மாசம் ஆச்சுன்னா காஞ்சிருக்கும். வால்வு ஊசியக் கழட்டி ஒரு கேபிள் டையை உள்ள விட்டுப் பாரு, நனையலன்னா புதுசா ஊத்து.
சஸ்பென்ஷனும் பார்த்துக்க. ஹெல்மெட், முட்டிக்காப்பு, ஷூ எல்லாம் போட்டுட்டு பெடல் மேல எந்திரிச்சு நில்லு, ஃபோர்க்குல (முன் சஸ்பென்ஷன்) இருக்குற ரப்பர் வளையம் எவ்வளவு நகர்ந்துச்சுன்னு கூட இருக்குறவன் அளக்கட்டும். மொத்தம் 160 மி.மீ. அமுங்குற ஃபோர்க்னா 28ல இருந்து 32 மி.மீ. இறங்கணும்.

கலா அத்தை, 8:31
பசங்களா, அந்த ஏலத்தோட்டப் பாதைல மழை பேஞ்சு வழுக்குதுன்னு சொல்றாங்க. செல்வா சாதா ஹெல்மெட்தான் வச்சிருக்கான். அதுவே போதுமா?

பீட்டர் அண்ணன், 8:34
போதாது அத்தை. வாய், தாடை எல்லாம் மூடுற முழு முக ஹெல்மெட் இல்லாம யாரையும் மேல ஏத்த மாட்டோம், உலகப் போட்டியிலயும் அதான் சட்டம். 2023 அக்டோபர்ல பொன்முடில ஆசிய மலை சைக்கிள் போட்டி நடந்துச்சே, அங்கயும் அதேதான். ரஞ்சி வீட்ல ஒண்ணு அதிகப்படியா இருக்கு, செல்வாவுக்கு மாட்டிப் பார்க்கிறேன். தலைய ஆட்டினா ஹெல்மெட் தனியா ஆடக் கூடாது, கன்னத்துல இறுக்கமா நிக்கணும். ஒரு தடவை விழுந்து உள்ள இருக்குற தெர்மோகோல்ல கீறல் விட்டுச்சுன்னா அதை மறுபடி போடவே கூடாது.

கலா அத்தை, 8:36
சரிய்யா. விழுந்துட்டா?

ரஞ்சி, 8:40
கழுத்து வலிக்குதுன்னு சொன்னா ஆளை அசைக்க மாட்டோம், ஹெல்மெட்டையும் உருவ மாட்டோம் அத்தை. வாந்தி, தலைவலி, கேட்டதையே திரும்பக் கேக்குறதுன்னு ஏதாவது ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கு மறுபடி ஓட்ட விட மாட்டோம், நேரா ஆஸ்பத்திரிதான். காறை எலும்புன்னா தோர்த்தை (துண்டை) கட்டிக் கையை நெஞ்சோட நிறுத்திருவோம். 108க்குப் பேசுறவங்க முதல்ல கேரளா, பூப்பாறைன்னு சொல்லுங்க, நம்ம எல்லைல போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும்னு சொல்ல முடியாது.

பீட்டர் அண்ணன், 8:48
வழுக்குறது மண்ணு மட்டும் இல்ல. ஏலத்துக்குத் தண்ணி விடுற கறுப்பு ஓஸ் பாதைக்குக் குறுக்க மூணு இடத்துல போகுது. அதுல சாய்ஞ்சு ஏறினா முன் வீல் சறுக்கும். நேரா, குறுக்குவெட்டா, பிரேக் தொடாம தாண்டணும். ஈர வேருக்கும் அதேதான். சனிக்கிழமை நடந்து பார்க்கும்போது அந்த மூணு ஓஸ் மேலயும் மண்ணு நிரப்பின சாக்கு போடுறோம். தோட்டக்காரர்கிட்ட கேட்டாச்சு.
நடக்கும்போது மேல இருந்து மட்டும் பார்க்காதீங்க, கீழ வந்து திரும்பி ஏறிப் பாருங்க. வளைவு முடியுற இடம் அப்பத்தான் புரியும். பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே நிமிந்து நின்னு பலமா ஒரே பிடி, திரும்பும்போது விட்ரணும். பயத்துல வழி முழுக்க லேசா தேச்சுக்கிட்டே வந்தா ஆயில் கொதிச்சு, கீழ பாறை இறக்கத்துல பிரேக்கே இருக்காது.

முத்து, 8:55
டைம் எப்படி எடுக்குறோம்?

ரஞ்சி, 8:58
ரெண்டு போன். மேல கிளம்புறதுக்கு முன்னாடி பக்கத்துல வச்சு நொடி ஒத்துப் போகுதான்னு பார்க்கணும், கீழ டவர் இல்ல. ஒரு நிமிஷத்துக்கு ஒருத்தரா விடுறோம். கீழ நிக்கிறவர் நம்பரையும் மணியையும் மட்டும் எழுதட்டும், கழிச்சுப் பார்க்குறது அப்புறம். நாலு வளைவுல ஆள் நிப்பாங்க, விசில் ரெண்டு தடவை கேட்டா எல்லாரும் நிறுத்தணும்.

பீட்டர் அண்ணன், 9:03
ஜீப் காலைல 7 மணிக்கு. யானை இல்லன்னு வாட்சர் சொன்ன பிறகுதான் கிளம்பும். வண்டிக்கு வண்டி நடுவுல அட்டைப்பெட்டி வைங்க. வீல் கழட்டின வண்டில லிவரைத் தொடாதீங்க, பேட் ஒட்டிக்கும். உப்பு ஒரு பொட்டலம் கலா அத்தை கொடுத்து விடுங்க, அட்டைப்பூச்சி ஜாஸ்தி.

கலா அத்தை, 9:05
உப்பும் தர்றேன், எல்லாருக்கும் இட்லியும் கட்டித் தர்றேன்.