முறுக்குப் பின்னல் ஸ்வெட்டர்: பழகியவர்கள் சொல்லுங்களேன்

கும்பகோணத்தில் எங்கள் தெரு மாமி ஒருவர் கையாலேயே ஸ்வெட்டர் பின்னுகிறார். முன்பக்கம் முழுக்க ஜடை ஜடையாக முறுக்கு. ஒரு கண்ணிகூட (ஊசியில் கோக்கும் நூல் வளையம்) பிசகவில்லை. (நம்மூர் வெயிலுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், பெங்களூர்ப் பேரனுக்காம்.) மூன்று கண்ணியைச் சின்ன ஊசிக்கு மாற்றி முன்னால் தொங்கவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னி, அப்புறம் தொங்குவதைப் பின்னினால் முறுக்கு இடப்பக்கம் சாயும்; பின்னால் விட்டால் வலப்பக்கம். அதுவரை சரி. ஆனால் எனக்கு ஓரத்துக் கண்ணி தளர்ந்து ஓட்டை தெரிகிறது, அகலமும் சுருங்குகிறது. மாமியைக் கேட்டால், "கை பழகணும்" என்று சிரிக்கிறார்.

அகலத்துக்கு எத்தனை கண்ணி கூட்டிப் போடுவீர்கள்? தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் ஸ்வெட்டர் பின்னத் தோதான பருத்தி நூல் எங்கே கிடைக்கும்? மார்கழிப் பனிக்கு அப்பாவுக்கு ஒன்று பின்ன வேண்டும், கம்பளி என்றால் தொடவே மாட்டார்.