மறு: துணைப்பொருளுக்கேற்ப மாறும் இரைச்சல் தணிப்பு – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம். ஹெட்போனில் மாட்டும் மெத்தை, உறை போன்ற துணைப்பொருளை அறிந்து, அதற்கேற்ப இரைச்சல் தணிப்பை மாற்றிக்கொள்ளும் நுட்பத்துக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம்.

> "துணைப்பொருள்சார் தகவமைச் செயலூக்க இரைச்சல் நீக்கம்" என்று முன்மொழிகிறேன்.

ஐயா, பொருளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சொல் கேட்டால் விளக்கவுரையே வந்துவிட்டது. தெலுக் இந்தான் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஹெட்போன் விற்கும் பையனிடம் இப்படிக் கேட்டால், பக்கத்துக் கடையைக் கைகாட்டுவான்.

முதலில் 'நீக்கம்' என்பதை விட்டுவிடலாம் என்பேன். நான் செம்பனை ஆலையில் பராமரிப்பு வேலை பார்ப்பவன். வரும் ஒலியலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் மோதவிடும் யோசனைக்கு, ஜெர்மானியரான பால் லூக் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். இந்த உத்தி எடுபடுவதெல்லாம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில்தான். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், எதிரலை சற்று முன்பின்னாக வந்தாலும் சமாளிக்கும். 5,000 ஹெர்ட்ஸில் அது 7 சென்டிமீட்டர். இம்மி பிசகினாலும் கணக்குத் தப்பும். எனவே கொதிகலன் விசிறியின் உறுமல் குறையும். பழம் வேகவைக்கும் கலத்திலிருந்து நீராவியைத் திறந்துவிடும்போது சீறுமே, அது குறையாது. அதற்குக் காதை மூடும் மெத்தைதான் கதி. மலேசியாவின் 2019 இரைச்சல் விதிமுறைகளில் நாள் முழுவதற்குமான வரம்பு 85 டெசிபெல். பெட்டியில் 'இரைச்சல் நீக்கி' என்று எழுதியிருப்பதை நம்பி, பாட்டுக் கேட்கும் ஹெட்போனோடு ஒருவன் ஆலைக்குள் நுழைந்தால் அவன் காதுக்கு யார் பொறுப்பு? 'தணிப்பு' என்றால் உள்ளதைச் சொன்னதாகும்.

('இரைச்சல் அடக்கம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மரண அறிவிப்புகளில் 'நல்லடக்கம்' படித்துப் பழகிய கண்ணுக்கு அது ஒத்துவரவில்லை. 'எதிரொலித் தணிப்பு' வேண்டவே வேண்டாம். எதிரொலியைக் களைவது தொலைபேசித் துறையில் வேறொரு நுட்பம்.)

> 'தகவமை இரைச்சல் தணிப்பு' ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா?

போதாது தம்பி. அங்கே கருவி சுற்றியுள்ள சத்தத்துக்கேற்ப மாறுகிறது. இங்கே தன்மேல் மாட்டியிருக்கும் சாமானுக்கேற்ப மாறுகிறது. நம் ஊர் ஈரத்துக்கு ஹெட்போனின் செயற்கைத் தோல் மெத்தை உரிந்து, கறுப்புச் சருகாகக் காதுமடலில் ஒட்டும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் கிடைக்கும் துணி மெத்தையை மாட்டுகிறோம். அன்றிலிருந்து தணிப்பு பாதியாகிவிட்டது என்று புலம்பல். காரணம் இதுதான்: ஒலிப்பானுக்கும் செவிக்கும் நடுவே சிறைப்பட்ட கொஞ்சம் காற்றை வைத்துத்தான் உள்ளிருக்கும் வடிப்பான்கள் (எதிரலையை வடிவமைக்கும் மின்னணுக் கணக்குகள்) அளவு செய்யப்பட்டிருக்கின்றன. துணி வழியே காற்றுக் கசிந்தால் தாழ்ந்த சுருதி முதலில் ஓடிவிடும். எதிரலைக்கு வலு இருக்காது. மேலே போடும் உறை வெளி ஒலிவாங்கியின் துளையை மூடினால், கருவி ஒரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வேறொரு சத்தத்தைத் தணிக்கப் பார்க்கும். உள் ஒலிவாங்கியின் சுற்றில் அளவு தவறினால் ஊளையே இடும். மாட்டியது இன்னதென்று காந்தமோ சில்லோ வைத்துக் கண்டுபிடித்து, அதற்குரிய வடிப்பானை எடுத்துக்கொள்வதுதான் நாம் பெயர் தேடும் நுட்பம்.

என் முன்மொழிவு: பொருத்தறி இரைச்சல் தணிப்பு. பொருத்தியதை அறிவது. 'இணைப்பறி' என்றால் புளூடூத் இணைப்பு என்று நினைப்பார்கள். 'மாட்டறி'யை நானே சொல்லிப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பால் கறக்கும் துறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தெலுக் இந்தானிலிருந்து

---

தம்பிக்கு வணக்கம்.

> பொருத்தறி இரைச்சல் தணிப்பு

பொருத்து என்றால் எங்கள் வீட்டில் முழங்கால் மூட்டு. 'பொருத்தெல்லாம் வலிக்குது' என்று சொல்லும் வயது எனக்கு. 'பூண்' இருக்கிறதே, எடுத்துக்கொள்ளக் கூடாதா? உலக்கைக்குப் பூண், கத்திப்பிடிக்குப் பூண். கருவியோடு பிறக்காமல் பிறகு அதன்மேல் ஏறுவது. பூணுதல் என்றால் அணிதலும் ஆகும். பூணறி இரைச்சல் தணிப்பு.

இன்னொன்று. தூடோங் (தலையையும் காதையும் மூடும் முக்காடு) துணிக்கு மேல் காதுக் கவசம் மாட்டும் பெண்களுக்கும் அதே கசிவுதானே? உங்கள் காந்தமும் சில்லும் அதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

பாகான் டத்தோவிலிருந்து

---

டீச்சரம்மா, பூண் கண்ணிலேயே இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. ஏற்கிறேன். இளைஞர்களுக்குப் பழக்கமில்லாத சொல் என்று மறுப்பு வரும். உலக்கையையே பார்க்காதவர்களுக்குப் 'பொருத்து' மட்டும் புரிந்துவிடுமா?

துணியைக் காந்தத்தால் அறிய முடியாது. மெல்லிய ஒலி ஒன்றை எழுப்பி, உள் ஒலிவாங்கியில் அது எப்படித் திரும்புகிறது என்று அளந்துதான் கசிவைக் கணிக்கிறார்கள். அங்கே எது மாட்டியிருக்கிறது என்ற அறிவு இல்லை. விளைவு மட்டும் தெரியும். அதற்குக் 'கசிவுணர்' என்று தனிச்சொல் இருக்கட்டும். இரண்டும் ஒரே கருவியில் இருக்கலாம் என்பதால், ஒரே தலைப்பில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

கலைச்சொல் பட்டியலில் பதிவதற்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

பூணறி இரைச்சல் தணிப்பு: ஹெட்போனில் பூட்டிய மெத்தை, உறை முதலிய பூணை இன்னதென அறிந்து, அதற்கேற்ற வடிப்பானைத் தேர்ந்து இரைச்சலைத் தணிக்கும் முறை.

கசிவுணர் இரைச்சல் தணிப்பு: செவிக்கும் மெத்தைக்கும் இடையிலான கசிவை ஒலியால் அளந்து, தணிப்பைத் திருத்தும் முறை.

துணைப்பொருள் என்பதற்கே 'பூண்' என்று தனிப்பதிவும் போடலாமா என்பதை மட்டும் மற்றவர்கள் சொல்லுங்கள். கைப்பேசி உறைக்கும் அது பொருந்தும். சார்ஜருக்குப் பொருந்தாது என்றே எனக்குப் படுகிறது.