பெரிய வீடு குரூப்: ஹெரால்டுக்கு வீல் கப்

மல்லிகா: மாப்பிள்ளை அழைப்புக்கு நம் பழைய ஹெரால்டு கார்தான் என்று சம்பந்தி வீட்டில் சொல்லியாயிற்று. இன்று உறையைத் தூக்கிப் பார்த்தேன். வீல் கப் எல்லாம் சொறி பிடித்துக் கிடக்கிறது. அதிலும் மூன்றுதான் இருக்கிறது.

மல்லிகா: 📷 புகைப்படம்

கார்த்திக்: ஐயோ

பாலு: சம்பந்தியிடம் யார் சொன்னது

மல்லிகா: நீங்கள்தான். நிச்சயதார்த்தத்தன்று. "எங்க அப்பா வண்டி" என்று மீசையை முறுக்கிக்கொண்டு.

வள்ளி: 😂😂

கார்த்திக்: ரிம்மோடு சேர்த்து நாலுக்கும் குரோம் போட்டுவிடலாம். மாஸா இருக்கும்

சண்முகம்: கார்த்திக், ரிம்மைத் தொடாதே. இந்த வண்டிக்கு ரிம் கம்பெனியிலேயே பெயின்ட்தான். ரிம்முக்கும் நடுத்தட்டுக்கும் இடையில் இடுக்கு இருக்கிறது. பிளேட்டிங் போடும்போது அமிலம் அந்த இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். வெளியே கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளேயிருந்து துரு தின்னும். சில்வர் பெயின்ட் அடித்தால் போதும். வீல் கப்புக்கு மட்டும் பிளேட்டிங்.

கார்த்திக்: ஓகே சித்தப்பா

சண்முகம்: இன்னும் முடிக்கவில்லை

வள்ளி: ஆரம்பித்துவிட்டார்

சண்முகம்: பலர் நினைப்பது குரோம்தான் பளபளப்பு என்று. அது அரை மைக்ரான்கூட இருக்காது. துருவைத் தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல். சரியான கடையில் பழைய பூச்சை முழுக்க எடுத்து, நெளிவைத் தட்டி, பஃபிங் போட்டு, அதாவது தேய்த்து மெருகேற்றி, செம்பு ஏற்றி, குழியெல்லாம் மறையும் வரை மறுபடி பஃபிங் போட்டு, நிக்கல் கனமாக ஏற்றி, கடைசியில்தான் குரோம். சீக்கிரம் தருகிறேன் என்கிறவன் செம்பையும் பஃபிங்கையும் விட்டுவிட்டு நிக்கலை ஒரு முக்கு முக்கித் தருவான். ஒரு ஐப்பசி மழை தாங்காது.

பாலு: எவ்வளவு ஆகும்

திவ்யா: அப்பா, கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான்

சுந்தரி: நாலாவது எங்கே என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே, அதிசயம்தான்

வள்ளி: கேட்கத்தான் வந்தோம்

பாலு: 1994. வயலூர் கோயில் போய்விட்டு வரும்போது.

சுந்தரி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மல்லிகா: என்ன போட்டாய் சுந்தரி?

சுந்தரி: ஒன்றுமில்லை அண்ணி. என் வீட்டுக்காரர் அந்த வண்டியை ஓட்டியது ஒரே ஒரு நாள். அதற்கு முந்தின நாள் டயர் மாற்றியது யார் என்று சண்முகம் அண்ணாவைக் கேளுங்கள்.

சண்முகம்: அழுத்தி மாட்டுகிற கப் அது. பிடிக்கிற இடம் தேய்ந்திருந்தால் யார் ஓட்டினாலும் விழும்.

சுந்தரி: முப்பது வருஷம் கழித்தாவது சொன்னீர்களே

வள்ளி: மச்சானுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பு

பாலு: பரணில் ஒன்று கிடைத்தது!! 📷 புகைப்படம்

சண்முகம்: அண்ணா, அது அம்பாசிடருடையது. அதற்கு 15 இஞ்ச் சக்கரம், நமக்கு 13. பார்த்தாலே தெரிகிறது.

பாலு: நம்மிடம் அம்பாசிடர் ஏது?

சுந்தரி: அப்பா யார் வண்டியில் கழற்றினாரோ 😂

மல்லிகா: மாமாவை இதில் இழுக்க வேண்டாம்

கார்த்திக்: சென்னையில் ஃப்ரெண்ட் இருக்கிறான், புதுப்பேட்டையில் தேடச் சொல்கிறேன். இங்கிலாந்தில் நம் வண்டியின் மூல மாடல் ட்ரயம்ப் ஹெரால்டுக்குப் புது ஸ்பேர் எல்லாம் விற்கிறார்களாம், ஆனால் கூரியர், கஸ்டம்ஸ்...

சண்முகம்: நம்முடையது மெட்ராஸில் செய்தது. அளக்காமல் எதுவும் வாங்காதே. புதுப்பேட்டையில் ஒன்று கிடைத்தாலும் நாலையும் ஒன்றாகத்தான் பிளேட்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் ஒன்று நீலம் அடிக்கும், ஒன்று மஞ்சள் அடிக்கும்.

திவ்யா: மூன்றோடு போனால் என்ன? போட்டோகிராபரை ஒரே பக்கம் நிற்கச் சொல்லலாம்

மல்லிகா: அதுவும் சரிதான். பூ அலங்காரம் வேறு இருக்கிறது. சக்கரத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

சண்முகம்: நான் பார்ப்பேன் அண்ணி

சண்முகம்: இன்னொன்று. வீல் நட்டும் துரு. அதைப் பிளேட்டிங்குக்குக் கொடுக்கக் கூடாது. மரையில் பூச்சு ஏறினால் இறுக்கம் சரியாக வராது. போல்ட் கடினமாக்கிய இரும்பு, அமிலத்தில் முக்கினால் ஹைட்ரஜன் உள்ளே போய்த் திடீரென்று முறியும். நட் புதிதாக வாங்க வேண்டும், 3/8 இஞ்ச் யு.என்.எஃப்., அதாவது இஞ்ச் கணக்கில் நெருக்கமான மரை. கடைக்காரன் 10 எம்.எம். கொடுத்தால் வாங்காதே. ஏறுகிற மாதிரி இருக்கும், பிடிக்காது.

வள்ளி: இதே கதை காலையில் காபியோடு ஒருமுறை கேட்டாயிற்று

கார்த்திக்: அலுமினியம் ஃபாயிலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் துரு போகுமாமே?

சண்முகம்: மேலோட்டமான புள்ளி போகும். குழி விழுந்தது போகாது. முன் பக்கம் இடது கப்புக்கு மட்டும் செய்து பார்.

பாலு: ஆர்.சி. புதுப்பித்தோமா

கார்த்திக்: ...

மல்லிகா: ஏங்க

சண்முகம்: 50 வருஷம் தாண்டியதால் வின்டேஜ் என்றும் பதிவு செய்யலாம், 2021இல் விதி வந்தது. பத்து வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி மாதிரி காரியத்துக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். மாப்பிள்ளை அழைப்பு அதில் வராது. சாதாரணப் பதிவை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தால் போதும். காகிதம் அண்ணனிடம்தானே?

பாலு: உன்னிடம் கொடுத்த ஞாபகம்

சண்முகம்: என்னிடம் இல்லை

சுந்தரி: என்னைப் பார்க்காதீர்கள்

மல்லிகா: பீரோவில் தேடுகிறேன். முதலில் வீல் கப்.

சண்முகம்: சனிக்கிழமை காலை துவாக்குடியில் ஒரு கடைக்குக் கொண்டுபோகலாம். கல்யாணத்துக்குள் தருவானா என்று கேட்டுவிட்டுக் கொடுப்போம். யார் வருகிறீர்கள்? அண்ணா, அதற்குள் கப்பின் வெளி விட்டத்தை அளந்து கார்த்திக்குக்கு அனுப்புங்கள்.

பாலு: டேப் எங்கே

மல்லிகா: தையல் மெஷின் டிராயரில்

சுந்தரி: அண்ணி, சமையல்காரர் ஜாங்கிரியா லட்டா என்று கேட்கிறார். லைனில் இருக்கிறார்.

கார்த்திக்: ஜாங்கிரி

வள்ளி: லட்டு. ஜாங்கிரி போன தடவை ஊறவே இல்லை.

திவ்யா: ஜாங்கிரி ப்ளீஸ்

பாலு: 11 இஞ்ச்? நெளிந்தது வேறு மாதிரி காட்டுகிறது

சண்முகம்: நெளியாததை அளங்கள் அண்ணா. சனிக்கிழமை யார்?

மல்லிகா: இரண்டுமே சொல்லிவிடு சுந்தரி