11 வயது லாப்ரடாருக்குப் பின்னங்கால் தளர்கிறது: வயசா, வியாதியா?

மேட்டுப்பாளையத்துக்காரன்:
வணக்கம். எங்கள் மணிக்கு 11 வயது முடிந்துவிட்டது, எடை 41 கிலோ. கொஞ்ச நாளாகவே படுத்து எழும்போது முன்கால்களை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டுதான் எழுகிறான். ஹாலில் டைல்ஸ். அதில் பின்னங்கால் இரண்டும் அகன்று அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். வாசல் மண்தரையில் பரவாயில்லை. சாப்பாடு குறையவில்லை, தயிர்சாதத்துக்கு இப்போதும் முதல் ஆள். அம்மா "வயசாச்சு, விடுடா" என்கிறார். பக்கத்து வீட்டு மாமா தன் மூட்டுவலி மாத்திரையில் பாதி கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? கத்துவதே இல்லை, வலி இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

ஷெப்பர்ட் அக்கா:
தம்பி, அந்த மாத்திரையை மாமாவே வைத்துக்கொள்ளட்டும். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் எல்லாம் நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்குக் கொடுக்கும் வலி மருந்துகள் கார்ப்ரோஃபென், மெலாக்சிகம் போன்றவை. அதையும் ரத்தப் பரிசோதனை செய்து, எடைக்கு அளந்து டாக்டர்தான் தரவேண்டும்.

கத்தாத நாய்க்கு வலி இல்லை என்று அர்த்தமில்லை. படியைப் பார்த்துத் தயங்குகிறானா? இடுப்பைத் தொட்டால் திரும்பிப் பார்க்கிறானா? அப்படியென்றால் இடுப்பு மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், பெரிய ஜாதிகளில் அதுதான் அதிகம். எங்கள் ஷெப்பர்டுக்கு வந்தது வேறு. நடக்கும்போது பின்பாத நகம் ரோட்டில் சரக் சரக்கென்று உரசும், நடு நகங்கள் தேய்ந்து ரத்தம் கசியும். வலி துளியும் கிடையாது. டிஜெனரேட்டிவ் மைலோபதி, தண்டுவட நரம்பு மெல்ல அழியும் நோய் என்றார்கள். அதைக் குணமாக்க மருந்து இல்லை.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். மணியை நிற்கவைத்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பின்பாதத்தை மடக்கி மேல்புறம் தரையில் படும்படி வையுங்கள். நரம்பு சரியாக இருந்தால் உடனே திருப்பி ஊன்றுவான். மடங்கியபடியே நின்றால் டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

இன்றே செய்யக்கூடியது, படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை தென்னைநார் மிதியடி போடுங்கள், அடியில் வழுக்காத ரப்பர் இருக்கட்டும். பாத விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியைக் கத்தரியுங்கள். எழுப்ப, பழைய துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கினால் போதும். அப்புறம் அந்த 41 கிலோ! ஆண் லாப்ரடார் 29 முதல் 36 வரைதான் இருக்கவேண்டும். தயிர்சாதம் யார் கொடுப்பது, அம்மாவா?

மூணு லாப்ரடார் வளர்த்தவன்:
அக்கா சொன்னது சரி. லாப்ரடார் என்பதால் ஒரு கேள்வி. குரைப்பு மாறியிருக்கிறதா?

மேட்டுப்பாளையத்துக்காரன்:
ஆமாம் சார், போன கோடையிலிருந்தே கரகரவென்று இருக்கிறது. தொண்டை கட்டியிருக்கும் என்று விட்டுவிட்டோம். பாதத்தை மடக்கிப் பார்த்தேன், திருப்பி வைக்கிறான், ஆனால் தாமதமாக. தயிர்சாதம் அம்மாதான்.

மூணு லாப்ரடார் வளர்த்தவன்:
அப்படியானால் டாக்டரிடம் குரலையும் சேர்த்துச் சொல்லுங்கள். வயதான லாப்ரடார்களுக்குக் குரல்வளை நரம்பும் பின்னங்கால் நரம்பும் ஒன்றாகத் தளர்வதுண்டு. குரல்வளை சரியாகத் திறக்காது, மூச்சு இரையும், வெயிலில் உயிருக்கே ஆபத்து. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்போடு மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். நடை விடியற்காலையில் மட்டும்.

தைராய்டும் உண்ணிக் காய்ச்சலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், நம் ஊரில் உண்ணிக்குப் பஞ்சமில்லை. உள்ளூரில் நரம்பு பார்ப்பவர் இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வரை போக முடிந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி.

மேட்டுப்பாளையத்துக்காரன்:
இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வெறும் வயிற்றோடு கூட்டிப் போகவேண்டுமா?

ஷெப்பர்ட் அக்கா:
காலை நேராக நீட்டி எடுக்க மயக்க ஊசி போடுவார்கள், அதனால் எத்தனை மணி நேரம் பட்டினி என்று முதல் நாளே போன் பண்ணிக் கேளுங்கள். குரைப்பு கரகரப்பாக மாறியிருப்பதை ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அது முக்கியம். காரில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.