உறைநிலைக் கிடங்கின் கம்ப்ரசரை உச்ச நேரத்தில் நிறுத்துவது: எத்தனை கிலோவாட் தரலாம்?

பனிப்பெட்டி:
200 டன் உறைந்த சரக்கு நிரம்பிய கிடங்கு. தலா 20 கிலோவாட் கம்ப்ரசர் இரண்டு. சராசரியாகப் பாதி நேரம் ஓடுகின்றன. அறை மைனஸ் 20 டிகிரி, மைனஸ் 18-ஐத் தாண்டக் கூடாது. உச்ச நேரத்தில் 2 மணி நேரம் மின்சுமையைக் குறைத்துத் தர ஒப்பந்தம் போடலாமா? எத்தனை கிலோவாட் என்று எழுதுவது? சரக்கு தாங்குமா? கம்ப்ரசருக்கு மின்சாரம் தரும் சுவிட்சான கான்டாக்டரைத் துண்டித்தால் போதுமா?

சுமைக்கணக்கு:
40 கிலோவாட் என்று எழுதிவிடாதீர்கள். சுமையைக் குறைக்கச் சொல்லி அழைப்பு வரும்போது ஒரு கம்ப்ரசர் ஏற்கெனவே நின்றிருந்தால், அது நீங்கள் குறைத்த சுமை ஆகாது. பாதி நேரம்தான் ஓட்டம் என்றால் கையில் இருப்பது 20. அந்த நேரத்துக்கான 15 நிமிட மீட்டர் பதிவுகளைப் பார்த்து, அதற்கும் சற்றுக் கீழே எழுதுங்கள்.

சரக்கு தாங்கும். உறைந்த உணவு கிலோவுக்கு ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய 2 கிலோஜூல் எடுக்கும். 200 டன்னுக்கு 400 மெகாஜூல், அதாவது 111 யூனிட் வெப்பம். ஒரு யூனிட் மின்சாரம் 1.5 யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று வைத்தால், உள்ளே நுழையும் வெப்பம் 30 கிலோவாட். 2 மணி நேரத்தில் 60 யூனிட். சராசரியாக அரை டிகிரிதான் ஏறும். ஆனால் காற்றும் கதவோரப் பெட்டிகளும் அதைவிட வேகமாகச் சூடாகும். எளிதில் உறையாத திரவமான கிளைகால் (glycol) நிரப்பிய குப்பிக்குள் ஒரு சென்சாரைச் செருகி, கதவோர அடுக்கில் வையுங்கள். மைனஸ் 18.5 வந்தால் ஒப்பந்தம் எதுவானாலும் கம்ப்ரசர் ஓடட்டும்.

ரிலேக்காரர்:
கான்டாக்டரை நேரடியாக வெட்டினால் குளிர்திரவம் ஆவியாக்கியிலேயே (அறையைக் குளிர்விக்கும் சுருள்) தங்கி, மெல்லக் கம்ப்ரசருக்கு நகர்ந்து எண்ணெயில் கலக்கும். மறுபடி ஓட்டும்போது எண்ணெய் நுரைத்து வால்வு உடையும். முதலில் திரவக் குழாயின் சாலினாய்டு வால்வை (மின்சாரம் நின்றால் மூடிக்கொள்ளும் வால்வு) மூடுங்கள். உறிஞ்சு பக்க அழுத்தம் இறங்கி, குறைஅழுத்த சுவிட்ச் தானே நிறுத்தும். சில நிமிடம் ஆகலாம், எனவே அழைப்புக்கு முன்பே தொடங்க வேண்டும். கம்ப்ரசர் எண்ணெயைச் சூடாக வைக்கும் கிராங்க்கேஸ் ஹீட்டரின் மின்சாரத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள்.

கட்டுப்பாட்டுக் கருவி இயக்கும் ரிலே சுவிட்சின் இயல்பில் மூடிய முனையை, சாலினாய்டுக்குப் போகும் தெர்மோஸ்டாட் கம்பியில் தொடராகச் சேருங்கள். அந்தக் கருவி செத்தாலும் கிடங்கு வழக்கம்போல் ஓடும். சுருளில் படியும் பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் டைமரையும் கவனியுங்கள்: நிறுத்தத்தின் நடுவே ஹீட்டர் எரிந்தால் குறைத்த சுமை திரும்பிவிடும், அறையும் சூடாகும்.

பனிப்பெட்டி:
நன்றி. அலைவெண் பார்த்துத் தானாக நிறுத்தும் கருவிகளும் இருக்கின்றனவே?

சுமைக்கணக்கு:
அது நொடிக்கணக்கு வேலை. 50 ஹெர்ட்ஸ் மின்தொகுப்பில் உற்பத்தியை மின்தேவை மிஞ்சியதும் அலைவெண் சரியும். அதைச் சில நொடிகளில் தாங்க வேண்டும். உங்கள் சாலினாய்டு முறை அதற்கு மெதுவானது. இன்வெர்ட்டர் மூலம் வேகம் மாறும் கம்ப்ரசர் என்றால் நிறுத்தாமல் வேகத்தைக் குறைக்கலாம். கருவிகள் பல ஒரே அலைவெண்ணில் விழித்து ஒரே அலைவெண்ணில் திரும்பினால் தொகுப்பே ஊசலாடும். எல்லைகளைச் சிதறலாக வைப்பார்கள்.

உங்களுக்கு அதைவிட முக்கியம் மீட்புச் சுமை. 2 மணி நேரம் விட்ட 40 யூனிட்டை பிறகு ஈடுகட்ட வேண்டும். இரண்டு கம்ப்ரசரும் இன்னொரு 2 மணி நேரம் நிற்காமல் ஓடும். உச்ச நேரம் முடியும் முன் அவை திரும்பினால் உதவி உபத்திரவமாகும். இரண்டையும் 10 நிமிட இடைவெளியில் ஏற்றுங்கள், டிஃப்ராஸ்ட்டைத் தள்ளி வையுங்கள். இல்லையேல் உச்சத் தேவைக் கட்டணம் எகிறிவிடும்.