மேலூர் வீட்டார் குழு: காதுகுத்துக்கு முந்தின நாள்

சனி, மாலை 4:12

கார்த்தி: விராலிமலை தாண்டியதும் வண்டி மக்கர் பண்ணிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் ஏறவே மாட்டேன் என்கிறது. இன்ஜின் அணையவில்லை, ஒரே சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் விளக்கு எரிகிறது. உருட்டிக்கொண்டு வந்து ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தியிருக்கிறேன். அம்மாவும் அப்பத்தாவும் கூட இருக்கிறார்கள்.

சாந்தி: ஐயோ

சாந்தி: அப்பத்தா மாத்திரை போட்டாயிற்றா

தேவி: அண்ணா காலை 7:30க்கு முகூர்த்தம். பாப்பா உன் மடியில்தான் உட்கார வேண்டும்

பாண்டி: டீசல் இருக்கிறதா பார்

கார்த்தி: அரை டேங்க் இருக்கிறது சித்தப்பா

ராஜேந்திரன்: போன மாதம்தானே சர்வீஸ் விட்டேன்

கார்த்தி: பக்கத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார். பி 2138 என்று பிழை எண் வருகிறது. பெடலையே மாற்ற வேண்டுமாம், 8,000 ஆகும், பொருள் திங்கட்கிழமைதான் வரும் என்கிறார்.

பாண்டி: கறிக்கடையில் கேட்கிறார்கள். 25 கிலோ போதுமா

தேவி: சித்தப்பா கொஞ்சம் இருங்கள்

செந்தில்: கார்த்தி, எதையும் மாற்றாதே. பொங்கலுக்கு உனக்கு ஒரு மல்டிமீட்டர் கொடுத்தேனே, இருக்கிறதா?

கார்த்தி: டிக்கியில் இருக்கிறது மாமா

செந்தில்: சரி, கேள். உன் வண்டியில் பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கேபிள் கிடையாது. பெடலின் தலைமாட்டில் இருக்கும் சென்சார்தான் நீ எவ்வளவு மிதித்தாய் என்று ஈசிஎம்முக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்கு, வோல்ட் கணக்கில் சொல்கிறது, அதுவும் ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்க வேண்டும் என்று உள்ளே இரண்டு சென்சார் வைத்திருக்கிறார்கள். உன் வண்டியில் இரண்டாவது எப்போதும் முதலாவதில் பாதி காட்டும். அந்தக் கணக்கு உதைத்தால் ஈசிஎம் பெடலை நம்பாமல் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். 2138 என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றுதான் அர்த்தம், பெடல் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. வயராகவும் இருக்கலாம்.

சாந்தி: 👍

செந்தில்: சாவியை ஆனில் மட்டும் வை, ஸ்டார்ட் செய்யாதே. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வை. கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில் இருக்கட்டும், வயர் எட்டாவிட்டால் ஒரு துண்டு வயர் கட்டி நீட்டிக்கொள். பெடல் சாக்கெட்டைக் கழற்றாமல், பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் குண்டூசியை மெல்ல விட்டு அதில் சிவப்பு முனையை வை. வயரின் தோலைக் குத்தாதே, அந்த ஓட்டையில் ஈரம் இறங்கினால் செம்பு பச்சை பூத்துவிடும். டெஸ்ட் லாம்பும் வேண்டாம், அது இழுக்கும் கரண்டை அந்த 5 வோல்ட் லைன் தாங்காது. ஆறு வயர் இருக்கும். இரண்டில் 5 வோல்ட் வர வேண்டும், இரண்டு எர்த், மீதி இரண்டும் சிக்னல். ஒவ்வொன்றாகப் பார்த்து இங்கேயே போடு.

பாண்டி: 25ஆ 30ஆ

ராஜேந்திரன்: பாண்டி, அப்புறம்

கார்த்தி: 5 வோல்ட் இரண்டிலும் சரியாக வருகிறது. முதல் சிக்னல் மிதிக்காமல் 0.76, முழுதாக மிதித்தால் 3.8, நடுவில் எங்கும் துள்ளவில்லை. இரண்டாவது மிதிக்காமலே 0.93 காட்டுகிறது மாமா.

செந்தில்: அது 0.38 இருக்க வேண்டும். எர்த் எவ்வளவு?

கார்த்தி: ஒன்று 0.02. இன்னொன்று 0.6, வயரை ஆட்டினால் ஏறி இறங்குகிறது.

செந்தில்: பிடித்துவிட்டாய். எர்த்தில் 0.1க்கு மேல் போகவே கூடாது. எர்த் தூக்கியதால் சிக்னலும் சேர்ந்து தூக்கியிருக்கிறது. பெடல் நல்ல பெடல். அந்த வயர் எங்கே இழுபடுகிறது என்று டார்ச் அடித்துப் பார்.

தேவி: மாமா 🙏

கார்த்தி: சாக்கெட்டுக்கு ஒரு விரற்கடை மேலே, டேஷ்போர்டுக்குக் கீழே, வெள்ளை பிளாஸ்டிக் டேக் போட்டு ஒரு புது வயரோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மொத்தக் கட்டும் விறைத்து நிற்கிறது. பழுப்பு வயரின் தோல் மெலிந்து நீண்டிருக்கிறது, உள்ளே கம்பி அறுந்தது கையில் தெரிகிறது.

செந்தில்: அந்தப் புது வயர் எது?

ராஜேந்திரன்: ஃபாக் லாம்ப்புக்குப் போட்டது

செந்தில்: நான் வந்து போட்டுத் தருகிறேன் என்றேனே மச்சான்

ராஜேந்திரன்: அவசரத்துக்குத் தெருமுனைக் கடையில் விட்டுவிட்டேன்

செந்தில்: எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பத்திரிகையில் என் பேரை விட்டபோதும் அவசரம் என்றுதான் சொன்னீர்கள்.

சாந்தி: அதெல்லாம் இப்போது எதற்கு

தேவி: அப்பா, மாமா, ப்ளீஸ்

செந்தில்: சரி. கார்த்தி, சாவியை எடு, பேட்டரி நெகட்டிவைக் கழற்று. டேக்கை வெட்டி கட்டைத் தளர்த்து. அறுந்த இடத்தில் இரண்டு பக்கமும் தோலைச் சீவி, கம்பியைப் பின்னித் திருகி, டேப்பை இழுத்துச் சுற்று. பக்கத்து வயரில் படக்கூடாது.

மாலை 5:26

கார்த்தி: எர்த் 0.02. இரண்டாவது சிக்னல் 0.38ல் இருந்து 1.9 வரை போகிறது. ஆட்டினாலும் அசையவில்லை. மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரில் அந்தப் பிழை எண்ணை அழித்தார், விளக்கு அணைந்துவிட்டது. வண்டி ஏறுகிறது மாமா!

தேவி: 😭😭

சாந்தி: முருகா

செந்தில்: இது வீடு வரைக்கும்தான். 60க்கு மேல் போகாதே, இடது ஓரமாகவே வா. அந்த இணைப்பு மறுபடி விட்டால் வேகம் குறையும், தானாக ஏறாது, ஆனாலும் லாரிக்கு முன்னால் குறைந்தால் ஆபத்துதான். அக்காவையும் அத்தையையும் வேறு வண்டியில் ஏற்று.

பாண்டி: வேனை அனுப்புகிறேன்

ராஜேந்திரன்: வேன் சமையல் பாத்திரம் எடுக்கப் போயிருக்கிறதே

பாண்டி: அப்போ துவரங்குறிச்சிக்கு மாப்பிள்ளையை வரச் சொல்லவா

கார்த்தி: அப்பத்தா இறங்க மாட்டேன் என்கிறார்கள். பேரன் ஓட்டினால் போதுமாம்.

சாந்தி: மாத்திரை கேட்டேனே

ராஜேந்திரன்: செந்தில், நீ எப்போது கிளம்புகிறாய்

செந்தில்: இன்னும் முடிவு செய்யவில்லை மச்சான்

ராஜேந்திரன்: பேர் விட்டது என் தப்புதான். காலையில் பந்தலில் நீ நிற்க வேண்டும். கோயம்புத்தூர் பஸ் நேராக மேலூருக்கு வராது, மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி போன் செய், எத்தனை மணியானாலும் நானே வருகிறேன்.

தேவி: ❤️

செந்தில்: சால்டரிங் அயர்னும் ஸ்லீவும் பையில் வைத்திருக்கிறேன். அந்த வயரை அப்படியே விட முடியாது.

பாண்டி: அப்போ 30 கிலோ சொல்லிவிடவா? கடையில் காத்திருக்கிறார்கள், யாராவது பதில் போடுங்கள்